பகலில் டயட், இரவில் அடக்க முடியாத தீனி: மன உறுதி போதவில்லையா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வயது 34, இரண்டு குழந்தைகள். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருப்பதால் எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். யூடியூபில் பார்த்து 16 மணி நேரம் பட்டினி இருக்கும் முறையைத் தொடங்கினீர்கள். காலையில் சர்க்கரை போடாத காபி மட்டும். மதியம் ஒரு கரண்டி சாதம், நிறைய காய். சாயங்காலம் கிரீன் டீ, ஏழு மணிக்கு வெள்ளரிக்காயும் கேரட்டும். பத்தரை மணிக்கு எல்லோரும் படுத்த பிறகு சமையலறையில் லைட்டைப் போடாமல் நின்றுகொண்டே மீந்த சாதம், தயிர், ஊறுகாய், அப்புறம் பிள்ளைகளின் பிஸ்கட், மிக்சர், கடைசியாக ஹார்லிக்ஸ் பவுடரை ஸ்பூனால் அள்ளி வாயில் போடுவது. வயிறு வலித்த பிறகுதான் நிற்கிறது. வாரத்தில் மூன்று நான்கு இரவுகள், ஏழெட்டு மாதமாக. மறுநாள் குற்ற உணர்ச்சியில் மதியச் சாப்பாட்டையும் விட்டுவிடுகிறீர்கள். "எனக்கு மன உறுதியே இல்லை, இந்தக் கிரேவிங்கை அடக்க ஏதாவது வழி சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்பது இரவைப் பற்றி. என் பதிலில் பெரும்பகுதி பகலைப் பற்றியதாக இருக்கும். உங்கள் இரவு பத்தரை மணி காலையிலேயே தயாராகிவிடுகிறது என்று நான் நினைக்கிறேன். நான் ஒரு மருத்துவமனையில் உணவியல் நிபுணர். மனநலப் பிரிவிலிருந்து அனுப்பப்படும் உங்களைப் போன்றவர்களோடு பல வருடங்களாக வேலை செய்கிறேன். மனநல மருத்துவர் அல்ல. அதனால் உங்களுக்கு என்ன நோய் என்று இங்கிருந்து முத்திரை குத்த மாட்டேன். அது நேரில் உட்கார்ந்து பேசிச் செய்ய வேண்டிய வேலை.

இருந்தாலும், இப்படி ஒரு பிரச்சினை மருத்துவத்தில் இருக்கிறது, அதற்குப் பெயரும் இருக்கிறது என்று தெரிந்தாலே பலருக்குப் பாதி பாரம் இறங்கும். பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர், அதாவது அடக்க முடியாமல் அளவுமீறிச் சாப்பிடும் கோளாறு. ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1959லேயே இப்படிச் சாப்பிடுபவர்களைப் பற்றி எழுதினார். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் தனி நோயாக இடம்பெற 2013 வரை ஆயிற்று. அதன்படி, இரண்டு மணி நேரம் போன்ற ஒரு குறுகிய நேரத்தில் மற்றவர்கள் சாப்பிடுவதைவிடத் தெளிவாக அதிகமாகச் சாப்பிடுவது, அப்போது நிறுத்த முடியாது என்ற உணர்வு, இவை இரண்டும் வாரத்துக்கு ஒரு முறையாவது மூன்று மாதம் தொடர வேண்டும். கூடவே வேகவேகமாகச் சாப்பிடுவது, பசியில்லாமலும் சாப்பிடுவது, வெட்கப்பட்டுத் தனியாகச் சாப்பிடுவது, வயிறு முட்டிய பிறகும் தொடர்வது, முடிந்ததும் தன் மீதே அருவருப்பு வருவது, இவற்றில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் இரண்டாவது தடவை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு பெல்ட்டைத் தளர்த்திக்கொள்பவருக்கு இந்த நோய் கிடையாது. அவர் சந்தோஷமாகச் சாப்பிட்டார், எல்லோர் முன்னாலும் சாப்பிட்டார். உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது அளவைவிட அந்த அணைத்த லைட்டுதான்.

சரி, ஏன் இப்படி ஆகிறது? 1944ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனையைத் தொடங்கினார். போரில் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி மறுபடி உணவூட்டுவது என்று கண்டுபிடிப்பது நோக்கம். ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று சோதித்துப் பார்த்து எடுக்கப்பட்டவர்கள். ஆறு மாதம் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1570 கலோரி. இன்று வாட்ஸ்அப்பில் சுற்றும் 1200 கலோரி டயட் சார்ட்டைவிட அது அதிகம் என்பதைக் கவனியுங்கள். (அவர்கள் ஆண்கள், தினமும் நிறைய நடக்கவும் வைக்கப்பட்டார்கள். அதனால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான்.) சில வாரங்களில் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். சூயிங்கம்மையும் காபியையும் கட்டுப்பாடில்லாமல் உட்கொண்டார்கள். சிலர் விதியை மீறித் திருட்டுத்தனமாகச் சாப்பிட்டுவிட்டுக் குற்ற உணர்ச்சியில் தவித்தார்கள். பட்டினிக் காலம் முடிந்து வேண்டிய அளவு உணவு கிடைத்தபோதும் பலருக்கு, வயிறு நிறைந்த பிறகும் பசி அடங்கவில்லை. மனத் திடமும் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் கதை இது.

உங்கள் நாளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முந்தின இரவு சாப்பிட்டது கழிந்து மறுநாள் மதியம் வரை வெறும் காபி. மதியம் சாப்பிட்டதில் பருப்போ முட்டையோ இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. இரவு ஏழு மணிக்கு உங்களுக்குக் கிடைத்தது தண்ணீரும் நாரும். இதற்கு நடுவில் இரண்டு பிள்ளைகள், வீட்டு வேலை, மற்றவர்களுக்காகத் தோசை சுட்டுக்கொண்டே அந்த வாசனையை முகர்ந்துகொண்டு நிற்பது. பத்தரை மணிக்கு உங்கள் உடம்பு கேட்பதைக் கிரேவிங் என்கிறீர்கள். நான் அதில் பெரும்பங்கைப் பசி என்றுதான் சொல்வேன், அதுவும் கடன் பாக்கியோடு வரும் பசி.

மிச்சம் இருக்கும் பங்கு மனம் செய்யும் வேலை. 1975இல் ஹெர்மன், மேக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவிகளுக்கு மில்க்ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை ருசி பார்த்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம். டயட் இல்லாதவர்கள் மில்க்ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைவாகச் சாப்பிட்டார்கள், அது இயல்பு. சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி வாழும் பழக்கம் உள்ளவர்களோ மில்க்ஷேக் குடித்த பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். "இன்னைக்கு டயட் போச்சு, இனி என்ன, நாளையிலிருந்து பார்த்துக்கலாம்" என்ற நினைப்புதான் இது. இரண்டு பிஸ்கட்டில் நின்றிருக்க வேண்டியது பாக்கெட் காலியாவது இங்கேதான். கண்டிப்பான விதி இருந்தால்தான் அதை உடைக்க முடியும். விதி எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு சீக்கிரம் உடையும்.

ஆகவே முதல் வேலை, சாப்பிடுவது. பிஞ்ச் ஈட்டிங்குக்குப் பயன்படும் பேச்சு சிகிச்சையில், அதாவது சிபிடி என்ற முறையில், ஆரம்பத்திலேயே வைக்கப்படும் படி இதுதான். கிறிஸ்டோஃபர் ஃபேர்பர்ன் என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் வகுத்தது. மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் இரண்டோ மூன்றோ சிற்றுண்டி, எந்த இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாமல். பசித்தால்தான் சாப்பிடுவேன் என்று காத்திருக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும், ஏனென்றால் இப்போது உங்கள் பசி, நிறைவு இரண்டும் நம்பத் தகுந்த நிலையில் இல்லை. உங்கள் வீட்டுச் சாப்பாட்டிலேயே சொல்கிறேன். காலை எட்டு மணிக்குள் மூன்று இட்லி, சாம்பார், ஒரு முட்டை. முட்டை ஆகாதென்றால் சாம்பாரில் பருப்பைக் கெட்டியாகப் போட்டு இரண்டு கரண்டி. பதினொன்றுக்கு ஒரு டம்ளர் மோரோ ஒரு பழமோ. மதியம் எல்லோரும் சாப்பிடும் அளவுக்குச் சாதம், கூட்டு, பொரியல், தயிர், மீனோ பருப்போ. நாலரைக்கு ஒரு கிண்ணம் சுண்டல் அல்லது பொட்டுக்கடலை, காபியோடு. இரவு எட்டு மணிக்குப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தோசையோ சப்பாத்தியோ, தட்டில் போட்டு, அவர்கள் சாப்பிடுவதையே. கலோரி எண்ண வேண்டாம். இந்தக் கட்டத்தில் எண்ணுவது கெடுதல்.

இதைப் படிக்கும்போதே "இவ்வளவு சாப்பிட்டால் பலூன் மாதிரி ஊதிவிடுவேன்" என்று தோன்றியிருக்கும். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, என்னிடம் வரும் எல்லோரும் கேட்பதுதான். முதல் இரண்டு வாரம் வயிறு உப்பலாக இருக்கும், ஒன்றிரண்டு கிலோ ஏறவும் கூடும், அதில் ஒரு பகுதி தண்ணீர். இரவுத் தீனி குறைந்ததும் பெரும்பாலானவர்களுக்கு எடை ஓரிடத்தில் நின்றுவிடும். குறையுமா என்றால், அதற்கு உறுதி தர மாட்டேன். சிபிடி தீனியை நிறுத்துவதில் நல்ல பலன் தருகிறது, எடையைக் குறைப்பதில் பெரிதாகத் தருவதில்லை. ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் காட்டுவது இதை. எடைதான் முதல் நோக்கம் என்று வருபவர்கள் பாதியில் பழைய பட்டினிக்குத் திரும்பிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பிசிஓடி உள்ள பெண்களிடம் பிஞ்ச் ஈட்டிங் மற்றவர்களைவிட அதிகம் என்பதும் தெரிந்த விஷயம். உங்கள் டாக்டரிடம் இந்த இரவுகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லாவிட்டால் அடுத்த முறையும் அவர் "வாயைக் கட்டுங்கள்" என்றுதான் சொல்வார், அவர் மீது தப்பில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது மறுநாள் காலை. இரவு எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் காலை எட்டு மணிக்கு அந்த இட்லியைச் சாப்பிடுங்கள். முழுவதும் இறங்காவிட்டால் ஒன்றாவது. ஈடுகட்டும் பட்டினிதான் அடுத்த தீனிக்கு விதை போடுகிறது. என் அனுபவத்தில் ஒருவர் குணமாகத் தொடங்கிவிட்டார் என்பதன் முதல் அடையாளம், தீனி நின்ற இரவைவிட, தீனிக்கு மறுநாள் அவர் காலை உணவைச் சாப்பிட்ட செய்திதான்.

இப்போது உண்மையான கிரேவிங்குக்கு வருகிறேன். ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த பிறகும் சில இரவுகளில் நாக்கு ஊறும். அது ஏறும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும். போதைப் பழக்க சிகிச்சையில் ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் சொல்லிக்கொடுத்த முறை ஒன்று உண்டு. அந்தத் தவிப்பை எதிர்த்துச் சண்டை போடாமல், அது உடம்பில் எங்கே தெரிகிறது, வாயிலா, நெஞ்சிலா, கை பரபரக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது. இத்தனை நிமிடத்தில் அடங்கும் என்று இணையத்தில் சொல்லும் கணக்குகளை அப்படியே நம்ப வேண்டாம், ஆளுக்கு ஆள் மாறும். கால் மணி நேரம் தள்ளிப்போட்டுப் பாருங்கள், அதுவும் சமையலறைக்கு வெளியே. அப்படியும் வேண்டுமென்றால் சாப்பிடுங்கள், ஆனால் லைட்டைப் போட்டு, கிண்ணத்தில் எடுத்து, உட்கார்ந்து. இது சின்ன விஷயமாகத் தெரியலாம். டப்பாவுக்குள் கையை விட்டுச் சாப்பிடும்போது எங்கே நிறுத்துவது என்பதற்கு அடையாளமே கிடையாது.

வீட்டில் நொறுக்குத்தீனியே வாங்காமல் இருப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். கணவர் மிக்சர் டப்பாவை பீரோவில் ஒளித்து வைக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். முதல் மாதத்துக்கு உங்களை அதிகம் ஆட்டிவைக்கும் ஒன்றிரண்டைப் பெரிய பாக்கெட்டாக வாங்காமல் இருப்பதில் தப்பில்லை. ஆனால் முடிவை எடுப்பது நீங்களாக இருக்க வேண்டும். மற்றவர் ஒளித்து வைத்தால் அது தேடிப்பிடிக்கும் விளையாட்டாகிவிடும், வெட்கமும் கூடும். அவருக்கு உதவ ஆசை என்றால் பாத்திரம் தேய்க்கும் வேலையை அவர் எடுத்துக்கொண்டு, பத்து மணிக்கு மேல் உங்களைச் சமையலறைக்குள் போக வேண்டிய அவசியம் இல்லாமல் செய்யட்டும். மீந்த சாதத்தில் இரவே தண்ணீர் ஊற்றி வைப்பதையும் அவரே செய்யலாம். ஒரு மாதம் கழித்து, பயப்படும் பொருளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவர வேண்டும்: சாயங்காலம் வயிறு காலியாக இல்லாத நேரத்தில், பிள்ளைகளோடு, ஒரு கிண்ணம் மிக்சர். வாழ்நாள் முழுக்க மிக்சரே கிடையாது என்ற விதி தீபாவளி வரைதான் தாங்கும்.

உடம்பு தனக்கு எந்தச் சத்து குறைகிறதோ அதைத்தான் கேட்கிறது என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் இதற்கு ஆதாரம் இல்லை. சாக்லேட் ஏக்கத்துக்கு மெக்னீசியம் குறைபாடு காரணம் என்பார்கள், கோகோவை மாத்திரையாக அடைத்துக் கொடுத்துப் பார்த்தபோது ஏக்கம் அடங்கவில்லை. ருசிதான் வேலை செய்கிறது. ஒரே ஒரு முக்கியமான விலக்கு உண்டு: பச்சரிசி, சிலேட்டுக் குச்சி, மண், விபூதி, ஐஸ்கட்டி இவற்றைத் தின்னத் தோன்றினால் இரும்புச்சத்தைச் சோதிக்க வேண்டும். நம் பெண்களிடம் இது சர்வ சாதாரணம், வெட்கப்பட்டு வெளியே சொல்ல மாட்டார்கள். மாதவிலக்குக்கு முந்தின வாரத்தில் பசியும் தவிப்பும் கூடுவதும் உண்மை, தூக்கம் கெட்டால் பசி கூடுவதும் உண்மை. காலண்டரில் அந்த வாரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு சாயங்காலச் சிற்றுண்டியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

சர்க்கரை போதைப் பொருள் மாதிரி அடிமையாக்குகிறதா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே சண்டை ஓயவில்லை. பாக்கெட் உணவுகள் நம்மை அறியாமல் கூடுதலாகச் சாப்பிட வைக்கின்றன என்பதற்கு மட்டும் நல்ல சான்று இருக்கிறது. 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து இரண்டு வகை உணவையும் இரண்டிரண்டு வாரம் கொடுத்தபோது, அதிகம் பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இடைவிட்ட பட்டினி சிலருக்கு ஒத்துவரலாம், இரவுத் தீனி உள்ளவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதே இல்லை. வெள்ளிக்கிழமை, சஷ்டி விரதங்களையும் சில மாதம் பால், பழம், பலகாரத்தோடு இருக்கும் விரதமாக மாற்றிக்கொள்ளுங்கள். இப்போது எல்லோரும் பேசும் எடைக் குறைப்பு ஊசிகள் பிஞ்ச் ஈட்டிங்கைக் குறைக்கின்றன என்று சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. அதை நம்பி முடிவெடுக்க இன்னும் காலம் ஆகவில்லை.

அந்த இரவு நேரத்தைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "அந்த அரை மணி நேரம்தான் யாரும் கூப்பிடாத நேரம்." உங்கள் கேள்வியிலேயே கனமான வரி அது. சாப்பாட்டு நேரங்களைச் சரிசெய்வதால் பசி தீரும், இது தீராது. ஒரு நோட்டில் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று மூன்றே விஷயத்தை இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். மாமியாரின் ஒரு சொல், கணவரோடு பணப் பேச்சு, பிள்ளையின் பரீட்சை என்று ஏதோ ஒரு வடிவம் தெரியவரும். அதை எடுத்துக்கொண்டு போய்ப் பேச வேண்டிய இடம் ஒரு உளவியலாளர். மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, சிபிடி அடிப்படையிலான சுய உதவி முறையை ஒருவர் துணையோடு செய்வதை முதல் சிகிச்சையாகச் சொல்கிறது. மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. சிபிடியை முழுமையாக முடிப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தீனி முற்றிலும் நின்றுவிடுகிறது, மற்றவர்களில் பலருக்குக் குறைகிறது. மன அழுத்தம் சேர்ந்திருந்தால் மருந்தும் தேவைப்படலாம், அதை மனநல மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

நீங்கள் எழுதாத சிலவற்றையும் கேட்டுவிடுகிறேன். சாப்பிட்ட பிறகு வாந்தி எடுக்க முயல்கிறீர்களா, பேதி மாத்திரை போடுகிறீர்களா? ஆம் என்றால் இந்தப் பதிலை வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு வரை பாதிக்கும், இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். ஸ்டீராய்டு, மனநலப் பிரச்சினைகளுக்குத் தரும் ஓலான்சபின், மிர்டாசபின் போன்ற மருந்துகள் பசியைத் தூண்டும். ஸோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு அரைத் தூக்கத்தில் எழுந்து சாப்பிடுபவர்களும் உண்டு. இவற்றில் ஏதாவது எடுத்தால் நீங்களாக நிறுத்தாமல், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ போடுபவர்கள் நான் மேலே சொன்ன சாப்பாட்டு நேரங்களைத் தங்கள் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

ஊரில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், வெளிநோயாளி சீட்டு போட்டுப் பார்க்கலாம். போக இப்போதைக்குத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் இலவச மனநல ஆலோசனை சேவை, இரவு பத்தரை மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். டாக்டரிடம் போய் "சாப்பாட்டைக் கட்டுப்படுத்த முடியவில்லை" என்று மட்டும் சொன்னால் டயட் சார்ட் ஒன்று கையில் கிடைத்துவிடும். "வாரத்துக்கு மூன்று நான்கு தடவை, நிறுத்த முடியாமல், தனியாக, வயிறு வலிக்கும்வரை சாப்பிடுகிறேன், ஏழெட்டு மாதமாக" என்று இங்கே எழுதியதை அப்படியே சொல்லுங்கள். வாயால் சொல்ல வரவில்லை என்றால் போனில் இந்தக் கேள்வியைத் திறந்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.